ஸ்டியரிங்கில் ஒரு சிவப்பு ரிப்பன்

1

இந்த நாட்டுக்கு வந்து ஐந்து வருடம் முடிந்த அன்று காலை, எங்கள் வீட்டுக் கதவை அரசாங்கத்து அம்மா ஒருவர் தட்டினார். வாழ்த்துச் சொல்ல வரவில்லை. நான் பெற்ற பிள்ளையை நான் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறேனா என்று விசாரிக்க வந்திருந்தார்.

அதைச் சொல்வதற்கு முன்னால் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஊர் நாமக்கல்லுக்கும் சேந்தமங்கலத்துக்கும் நடுவில். என் வீட்டுக்காரர் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகளில் மெக்கானிக்காக இருந்தவர். ஆஸ்திரேலியாவின் மேற்கு ஓரத்தில் பெர்த் என்ற ஊரில், சுரங்கத்துக்குத் துளை போடும் கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. இரண்டு வாரம் பாலைவனத்தில் இருப்பார், ஒரு வாரம் வீட்டில் இருப்பார். மற்ற நாளெல்லாம் நானும் நான்கு வயது மகள் நித்யாவும்தான்.

ஊரிலிருந்து வரும் கடிதங்களில் எல்லாம், "அங்க குளிரு எப்படி? ஸ்வெட்டர் இருக்குதா?" என்று கேட்கிறார்கள். வெளிநாடு என்றால் பனி கொட்டும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். இங்கே ஜனவரியில் அடிக்கும் வெயிலைப் பார்த்தால் நம் சித்திரை வெயில் எழுந்து நின்று, பக்கத்தில் இடம் கொடுத்து உட்கார வைக்கும். எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே ஸ்வெட்டர், வரும்போது நாத்தனார் கட்டாயப்படுத்திக் கொடுத்தனுப்பியது. ஐந்து வருடமாகப் பெட்டியில் பாச்சை உருண்டையோடு பத்திரமாக இருக்கிறது.

2

தப்பு நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அம்மாவுக்கு நித்யாவின் போட்டோக்களும் ஒரு சட்டைத் துணியும் பார்சல் அனுப்பத் தபால் நிலையம் போனேன். வழியிலேயே நித்யா பின் சீட்டில் தூங்கிவிட்டாள். மணி பன்னிரண்டு. தார் ரோடு இளகிக் கிடந்தது. தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த வெயிலில் நடப்பதைவிட நிழலில் விட்டுப் போவதே மேல் என்று என் புத்திக்குப் பட்டது.

தைல மரம் ஒன்றின் கீழே காரை நிறுத்தினேன். நான்கு கண்ணாடிகளையும் முக்கால்வாசி இறக்கினேன். துண்டை நனைத்து வெயில் பக்கத்து ஜன்னலில் தொங்கவிட்டேன். நித்யாவின் தலையிலிருந்து சிவப்பு ரிப்பனை அவிழ்த்து ஸ்டியரிங்கில் கட்டினேன். பிள்ளையை வண்டியில் விட்டு நான் இறங்கும்போதெல்லாம் இப்படிக் கட்டுவேன். பெட்ரோல் போட இறங்கினால்கூடக் கட்டுவேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஐந்து நிமிட வேலை என்றுதான் நினைத்தேன். பார்சலுக்கு ஒரு படிவம் உண்டு. உள்ளே என்ன இருக்கிறது, எடை என்ன, போய்ச் சேரும் முகவரி என்ன என்று கேட்டிருந்தது. முகவரியில் கதவு எண் இல்லை என்று கவுண்டரில் இருந்த பையன் திருப்பிக் கொடுத்தான். எங்கள் தெருவில் எந்தக் கதவுக்கும் எண் கிடையாது, தபால்காரருக்கு எல்லாரையும் தெரியும் என்றேன். அவன் ரொம்ப மரியாதையாக, கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்றான். கடைசியில் நானே ஒரு எண்ணைப் போட்டேன். அதற்குள் இருபத்தைந்து நிமிடம் ஓடிவிட்டது.

வெளியே வந்தால் காருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி நிற்கிறார். ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டு என் பிள்ளையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். "ஏய்! எம்புள்ளய உடு!" என்று தமிழிலேயே கத்திக்கொண்டு ஓடினேன். பக்கத்தில் போன பிறகுதான் தெரிந்தது, அவர் கழுத்தைப் பிடிக்கவில்லை. பிடரியில் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிழல் நகர்ந்துவிட்டிருந்தது. நித்யாவின் மேல் பாதி வெயில். துண்டு காய்ந்து போயிருந்தது. முகம் சிவந்து, உதடு உலர்ந்து கிடந்தாள். அந்தக் கிழவி தன் பையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து என் கையில் திணித்தார். நித்யா விழித்து, குடித்து, பிறகுதான் அழுதாள். நானும் அழுதேன். யாரோ கூப்பிட்டிருந்த போலீஸ் கார் அதற்குள் வந்து நின்றது.

தப்பு என் மேல்தான். இதைப் படிக்கிற யாரும் எனக்காக வக்காலத்து வாங்க வேண்டாம். எந்த மரத்து நிழலாக இருந்தாலும், எத்தனை கண்ணாடி இறக்கினாலும், பிள்ளையைக் காரில் விடக்கூடாது. கார் என்பது இரும்பு அடுப்பு. வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

3

அதற்கடுத்த வாரம்தான் அந்த அரசாங்கத்து அம்மா வந்தார். ஓய்வு பெறுகிற வயது. கையில் கனமான பை. பேரைச் சொன்னார், எனக்கு வாயில் நுழையவில்லை. நித்யா அழகாக உச்சரித்து, எனக்கு இரண்டு தரம் சொல்லியும் கொடுத்தாள். என் பெண் எனக்கு ஆசிரியையாகி ஒரு வருடம் ஆகிறது.

அவள் போகும் பாலர் பள்ளியில் தொப்பி இல்லாமல் வெயிலில் விளையாட விடமாட்டார்கள். தொப்பியை மறந்த பிள்ளைகள் தாழ்வாரத்தில் உட்கார வேண்டும். நான் துணி காயப் போட வெறும் தலையோடு வெளியே போனால் நித்யா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "தொப்பி எங்கே மம்மி?" என்று ஆங்கிலத்தில் அதட்டுவாள். மோர் கரைத்துக் கொடுத்தால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். வேர்க்குருவுக்கு நுங்குத் தண்ணீர் தடவுவோம் என்று நான் சொன்னால், நுங்கு என்றால் என்ன என்பதில் ஆரம்பிக்க வேண்டும். பனையில் ஆரம்பித்து நான் வரைந்து காட்டியபோது, "இது பல்பு" என்றாள். தமிழில் சொன்னால் புரிந்துகொள்கிறாள். பதில் மட்டும் தமிழில் வருவதில்லை.

அந்த அம்மா குளிர்ப் பெட்டியைத் திறந்து பார்த்தார். நித்யாவின் படுக்கையைப் பார்த்தார். பிறகு சாப்பாட்டு மேஜையில் ஒரு படிவத்தை விரித்தார். அன்று நடந்ததை என் வாயால் சொல்லச் சொன்னார். நான் பிள்ளையை நிழலில் விட்டேன் என்று சொல்ல நினைத்து, நம் கூடவே நடந்து வரும் நிழலுக்கான 'ஷேடோ' என்ற ஆங்கில வார்த்தையைச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. திருத்தி எழுதிக்கொண்டார்.

 பிள்ளையைச் சரியாகப் பார்க்கவில்லை என்று முடிவானால் என் பேரில் ஒரு கோப்பு திறப்பார்கள், அதற்குப் பிறகு பிள்ளை விழுந்து முட்டி பெயர்ந்தால்கூட அதில் ஏறும் என்று அடுத்த தெரு சிங்கப்பூர்க்காரப் பெண் சொல்லியிருந்தாள். அதற்கு மேலும் என்னென்னவோ சொன்னாள். அவள் சொன்னதில் பாதி பொய்யாகவே இருக்கட்டும், மீதிப் பாதி போதாதா? வாரம் முழுக்க நான் தூங்கவில்லை.

கடைசியாக அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "காரின் ஸ்டியரிங்கில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது என்று போலீஸ்காரர் எழுதியிருக்கிறார். அது எதற்கு?"

"பிள்ளை உள்ளே இருக்கிறது என்பதற்கு அடையாளம்."

"யாருக்கு அடையாளம்? காரை ஓட்டுவது நீங்கள் ஒருவர்தானே?"

சரியான கேள்வி. பதினெட்டு வருடமாக யாரும் கேட்காத கேள்வி. டீ போட்டுக் கொண்டு வருகிறேன் என்று அடுப்படிக்குப் போய்விட்டேன்.

4

எனக்கு ஒன்பது வயது. எழுபதுகள் அப்போதுதான் ஆரம்பித்திருந்தன. சேந்தமங்கலம் ரோட்டில் இருந்த சேகோ மில் ஒன்றில் அம்மா களத்து வேலை செய்தாள். சேகோ என்றால் ஜவ்வரிசி. மலையடிவாரத்துக் காடுகளில் விளையும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி லாரி லாரியாக வந்து, அரைபட்டு, மாவாகி, உருண்டு, வறுபட்டு, கடைசியில் வெயிலில் காய்வதற்குக் களத்துக்கு வரும். அந்தக் களத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஏக்கர் கணக்கில் சிமெண்ட் தரை, அதன் மேல் கண்ணைப் பறிக்கும் வெள்ளை. பெண்கள் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு நாள் முழுக்க அதைக் கிளறிக்கொண்டே நடப்பார்கள்.

அங்கே ஒரு மரம் கிடையாது. இருந்ததையும் வெட்டிவிட்டார்கள். இலை உதிர்ந்தாலும் காக்கை எச்சமிட்டாலும் ஜவ்வரிசியின் வெண்மை கெடும். வெயில் எவ்வளவு உறைக்கிறதோ அவ்வளவு நல்லது மில்லுக்கு. பிள்ளைகளை வீட்டில் விட்டு வர ஆளில்லாத பெண்கள் இடுப்பில் கொண்டு வந்துதான் ஆக வேண்டும். எங்கள் அப்பா கோடை பிறந்ததும் கிணறு ஆழப்படுத்தப் போய்விடுவார். தம்பி குமரேசனுக்கு அப்போது ஒன்றரை வயது. அவனைப் பார்த்துக்கொள்ள நான், என்னைப் பார்த்துக்கொள்ள அவன்.

அந்த வெளியில் இருந்த ஒரே நிழல் லாரியின் அடி. கிழங்கு இறக்கிவிட்டு மூட்டை ஏற்றக் காத்து நிற்கும் லாரிகள், மத்தியானம் முழுக்க நிற்கும். பின்சக்கரத்துக்கும் பின்னால், பாடியின் குறுக்குக் கட்டையில் பழைய சேலையைத் தூளியாகக் கட்டிப் பிள்ளையைப் போடுவார்கள். தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் தொங்கும். அடியில் காற்று வரும்.

இதற்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. தூளியில் எந்தப் பிள்ளை கிடக்கிறதோ அதன் துணி ஒன்றை அந்த லாரியின் ஸ்டியரிங்கில் கட்டிவிட வேண்டும். சட்டையோ, பாவாடையோ, அரைஞாணில் சுற்றிய கோவணமோ, ஏதோ ஒன்று. கட்டியவள்தான் அவிழ்க்க வேண்டும். துணி இருக்கும்வரை டிரைவர்கள் சாவியைத் தொடமாட்டார்கள். முதலாளியே வந்து சத்தம் போட்டாலும், "துணி கெடக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் பீடி பற்றவைப்பார்கள். அந்தப் பேச்சுக்கு மேல் பேச்சு கிடையாது.

அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தது இரண்டே விஷயம். "நெழலு நடக்கும் கண்ணு. நீ குந்தியிருப்ப, அது போயிரும். பாத்துக்கிட்டே இரு" என்பாள். இன்னொன்று, "தம்பி பொடனியில பொறங்கைய வெச்சுப் பாரு. ஈரமா இருந்தா பயமில்ல. காஞ்சு கெடந்தா ஓடியாந்து என்னயக் கூப்புடு" என்பாள். வேர்க்கிற பிள்ளை பிழைத்துக்கொள்ளும், வேர்வை நின்ற பிள்ளைதான் ஆபத்து. ஒன்றுமே படிக்காத அம்மா சொன்ன அதையேதான் இங்கே பாலர் பள்ளியில் படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள்.

5

அன்று ஜமால் பாயின் லாரி. சேலத்துக்காரர். சாயம் போன பச்சைத் துண்டு ஒன்று எப்போதும் தோளில் கிடக்கும். களத்துப் பிள்ளைகளுக்கு அவர் லாரி என்றால் இஷ்டம், அடியில் சாக்கு விரித்து வைத்திருப்பார். அம்மா தம்பியைத் தூளியில் போட்டு, அவன் நீலச் சட்டையை ஸ்டியரிங்கில் கட்டிவிட்டுக் களத்தின் அந்தக் கடைசிக்குப் போய்விட்டாள். மற்ற பிள்ளைகள் வேறொரு லாரியின் கீழே இருந்தார்கள்.

உச்சி வேளை தாண்டியிருக்கும். தம்பி சிணுங்கினான். பிடரியில் கை வைத்தேன். காய்ந்து கிடந்தது.

ஓடிப்போய் அம்மாவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் பெரிய மனுஷி அல்லவா? நனைத்துப் போர்த்தத் துண்டைத் தேடினேன். அன்று அம்மா அதைத் தலையில் சுற்றிக்கொண்டு போயிருந்தாள். கதவில் ஏறி ஸ்டியரிங்கில் இருந்த நீலச் சட்டையை அவிழ்த்தேன். தொட்டித் தண்ணீரில் முக்கி, சொட்டச் சொட்டத் தம்பிக்குப் போட்டுவிட்டேன். வாயில் தண்ணீரும் விட்டேன். கொஞ்ச நேரத்தில் அவன் உடம்பு தணிந்தது. பிடரி ஈரமானது. தூங்கிப் போனான்.

ஸ்டியரிங் வெறுமையாக இருப்பது எனக்குத் தெரியும். இதைத்தான் நான் இத்தனை வருடம் யாரிடமும் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று நானே நம்பப் பார்த்தேன். மறக்கவில்லை. வேறு ஏதாவது கட்ட வேண்டும் என்று நினைத்தேன். கை தலைக்குப் போனது. பங்குனித் தேர்க் கடையில் அப்பா வாங்கிக் கொடுத்த சிவப்பு ரிப்பன். எனக்கு இருந்த ஒரே ரிப்பன். அந்த ஸ்டியரிங் முழுக்க கிரீஸும் வேர்வைப் பிசுக்கும். கட்டினால் அழுக்காகிவிடும். சட்டை காய்ந்ததும் அதையே கட்டிக்கொள்ளலாம் என்று கையை இறக்கிக்கொண்டேன்.

பிறகு, தம்பியை நானே சரி செய்துவிட்ட பெருமையை அம்மாவிடம் சொல்லக் களத்துக்குள் ஓடினேன். நடுக்களம் வந்திருப்பேன். பின்னால் லாரி கிளம்பும் சத்தம் கேட்டது.

எடைபோட வண்டியைக் கொண்டுவரச் சொல்லி முதலாளி கூப்பிட்டிருக்கிறார். பாய் ஸ்டியரிங்கைப் பார்த்தார், துணி இல்லை, வண்டியை எடுத்துவிட்டார். லாரி நகர, அதன் அடியில் தூளியும் சேர்ந்து போனது. முப்பது, நாற்பது அடி இருக்கும். சேலை ஆடி ஆடித் தரையில் உரசியதை நான் பார்த்தேன். பெண்கள் எல்லாரும் ஒரே குரலாகக் கத்தினார்கள். அம்மாவின் குரல் அதில் தனியாகக் கேட்டது.

லாரி நின்றது. பாய் குதித்து, மல்லாந்து, அடியில் ஊர்ந்து போனார். வெளியே வந்தபோது தம்பி அவர் கையில் அலறிக்கொண்டிருந்தான். வலது காது மடல் கிழிந்து ரத்தம் வழிந்தது. வேறொன்றும் இல்லை.  பாய், என் தம்பி போட்டிருந்த ஈரமான நீலச் சட்டையைப் பார்த்தார். பிறகு, ஓடிவந்து நின்ற என்னைப் பார்த்தார்.

தோளில் இருந்த பச்சைத் துண்டை எடுத்து, சட்டை தெரியாதபடி தம்பியைக் கழுத்துவரை சுற்றினார்.

முதலாளி வந்தார். "துணி கட்டியிருந்துச்சா இல்லியாடா?" என்றார். கட்டாமல் விட்டது தாய் என்றால் அன்றோடு அம்மாவுக்கு வேலை போகும். அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

"கட்டித்தானுங்க இருந்துச்சு" என்றார் பாய். "நாந்தான் பாக்காம வண்டிய எடுத்துட்டேனுங்க."

முதலாளி அவரைக் கன்னத்தில் அறைந்தார். நான் ரிப்பனோடு நின்றுகொண்டிருந்தேன்.

6

ஜமால் பாய் இனி மில்லுக்குள் வரக்கூடாது என்றார்கள். லாரிகளுக்கு அடியில் பிள்ளைகளைப் போடவும் கூடாது என்றார்கள். அம்மா வீட்டுக்கு வந்து துண்டைப் பிரித்தாள். நீலச் சட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.  சட்டையைத் துவைத்துக் காயப் போட்டாள். அதற்குப் பதில் முதுகில் நாலு வைத்திருக்கலாம்.

மறுநாளிலிருந்து பிள்ளைகளுக்கு நிழல் இல்லை. நான்கு குச்சி நட்டுச் சாக்கைக் கட்டினார்கள். அனல் காற்றில் அது நிற்கவில்லை. இரண்டு நாளில் மூன்று பிள்ளைகளுக்குக் காய்ச்சல். ஒரு பெண் வேலைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். எல்லாரும் பாயைத் திட்டினார்கள். ஒரு ஆள் பார்க்காமல் எடுத்ததால் எல்லாருக்கும் கேடு என்றார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் வேலிக்கு வெளியே, ரோட்டோரத்தில், ஒரு காலி லாரி வந்து நின்றது. பாய் இறங்கினார். ஆறு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கல் வைத்தார். அடியில் சாக்கை விரித்தார். ஸ்டியரிங்கில் தன் பச்சைத் துண்டைக் கட்டினார். பிறகு வேலிக்குப் பக்கத்தில் வந்து, அம்மாவைக் கூப்பிட்டு, கம்பிக்கு மேலாக லாரிச் சாவியை நீட்டினார்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும்மா. புள்ளைங்க எந்திரிச்ச பொறவு குடுங்க, போறேன்."

அம்மா சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அவள் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

மில்லுக்குள் வரக்கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்கள், ரோட்டில் நிற்கக்கூடாது என்று சொல்லவில்லை. சேலத்துக்கும் அடிவாரத்துக்கும் போகிற வழியில், மழை பிடிக்கும்வரை, முக்கால்வாசி நாள் உச்சி வேளைக்கு வந்துவிடுவார். டீக்கடை வாசலில் உட்கார்ந்து காத்திருப்பார். வண்டி ஓடினால்தான் அவருக்குப் பிழைப்பு. ஒன்றரை மணி நேரம் சும்மா நிற்பதற்கு லாரிச் சொந்தக்காரரிடம் என்ன சொன்னாரோ தெரியாது. அடுத்த கோடைக்கு முன்னால் மில்லில் ஒரு கொட்டகை போட்டார்கள். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

நிற்கிற நாளெல்லாம் என்னைப் பார்த்து ஒன்று கேட்பார். "என்ன பாப்பா, தம்பிக்குப் பொடனி ஈரமா இருக்குதா?" இருக்கிறது என்று தலையை ஆட்டுவேன். ரிப்பனைக் கட்டாமல் விட்டதை மட்டும் ஒரு நாள்கூடச் சொல்லவில்லை. அவர் பக்கம் போகும்போது ரிப்பனை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொள்வேன்.

7

டீ ஆறிப்போயிருந்தது. அடுப்படியில் நின்றே யோசித்தேன். ரிப்பன் பிள்ளையின் விளையாட்டுச் சாமான் என்று சொல்லிவிடலாம். கட்டம் நிரம்பிவிடும். பிள்ளையை வண்டிக்கு அடியில் தொங்கவிட்ட கதையைச் சொன்னால், இந்தப் பெண் எப்படி வளர்ந்தவள் என்று எழுதிக்கொள்வார்களோ? ஒரு தரம் வாயை மூடிக்கொண்டு தப்பித்தவள் நான். அது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும்.

போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். என் ஆங்கிலத்தில் தூளிக்கு வார்த்தை இல்லை. சேலையை எடுத்து மேஜைக்கு அடியில் கட்டிக் காட்டினேன். நித்யா ஓடிவந்து அதில் ஏறிக்கொண்டாள். அவளை ஆட்டிக்கொண்டே மீதியைச் சொன்னேன். சட்டை, ரிப்பன், பாய் வாங்கிய அறை, சாவி.

"யாருக்கு அடையாளம் என்று கேட்டீர்களே, எனக்குத்தான்" என்றேன். "அன்று கட்டவில்லை. அதனால் இப்போது கட்டுகிறேன். ஆனால் ரிப்பன் கட்டினால் போதும் என்று நினைத்துவிட்டேன். அதுதான் என் தப்பு. நிழல் நடக்கும் என்பதை மறந்தேன்."

அந்த அம்மா மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பிறகு இரண்டு வரி எழுதி, என் பக்கம் திருப்பிக் காட்டினார். தாய் தவறை உணர்ந்திருக்கிறார், மேல் நடவடிக்கை தேவையில்லை. இனி ஒரு நிமிடம்கூடப் பிள்ளையைக் காரில் விடக்கூடாது என்று விரலை ஆட்டிச் சொன்னார். சரி என்றேன். அவர் பையை மூடினார், எழுந்தார், வாசல் வரைக்கும் போய் நின்று திரும்பினார்.

"அந்த டிரைவரிடம் இதைச் சொல்லிவிட்டீர்களா?"

8

அன்றே குமரேசனுக்குக் கடிதம் எழுதினேன். அவனுக்கு இப்போது பத்தொன்பது, நாமக்கல்லில் லாரியில் கிளீனர். வலது காதில் அந்தத் தழும்பு உண்டு. காது ஏன் கிழிந்தது என்று அவனுக்குச் சொல்லப்பட்ட கதையில் நான் கிடையாது. அதனால் அவனுக்கும் அது முதல் தரம். ஜமால் பாயைத் தேடிப் பிடித்து, இந்தக் கடிதத்தை அப்படியே வாசித்துக் காட்டு என்று எழுதியிருந்தேன். ரிப்பன் விஷயத்தை விட்டுவிடாதே என்று அடிக்கோடு போட்டிருந்தேன்.

ஒன்பது வாரம் பதில் இல்லை. தம்பிக்குக் கோபமோ, பாய் உயிரோடு இல்லையோ என்று தினமும் தபால் பெட்டியைத் திறந்து மூடினேன். போன வியாழக்கிழமை வந்தது. நித்யாவைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்து காரை வாசலில் நிறுத்தும்போதே பெட்டியில் நீல உறை தெரிந்தது. பின் சீட்டில் அவள் தொப்பியோடு தூங்கியிருந்தாள். நான் இறங்கி, முதலில் பின் கதவைத் திறந்து வைத்து, கைக்கெட்டிய பெட்டியிலிருந்து உறையை எடுத்து, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பிரித்தேன்.

குமரேசன் எழுதியிருந்தான்:

"அக்கா, பாயைக் கண்டுபிடிக்க நாலு லாரி ஸ்டாண்டு சுத்துனேன். சேலத்துல ஒரு டயர்க் கடை வாசல்ல உக்காந்திருக்காரு. கண்ணு சரியாத் தெரியல, வண்டி ஓட்டுறத உட்டுட்டாரு. நான் யாருன்னு சொன்னதும் கிட்ட வாடான்னாரு. கையால தடவி என் வலது காதப் புடிச்சுப் பாத்தாரு. உன் கடிதாசிய முழுக்கப் படிச்சேன்.  சட்டைய எடுத்தது பாப்பான்னு அன்னைக்கே தெரியும்னாரு. ரிப்பன் விஷயம் மட்டும் தெரியாதாம். அத இன்னொரு தரம் படிக்கச் சொன்னாரு. படிச்சேன். அப்பறம் சிரிச்சாரு. 'புது ரிப்பனுல்ல? கிரீசு பட்டாப் போவவே போவாதே. சின்னப் புள்ளைக்கு அது பெருசுதான'ன்னாரு. எனக்கு அழுகை வந்துருச்சு அக்கா. கெளம்பறப்ப உனக்கு என்ன சொல்லட்டும்னு கேட்டேன். ஒண்ணே ஒண்ணு கேட்டு எழுதச் சொன்னாரு. 'பாப்பாவோட புள்ளைக்குப் பொடனி ஈரமா இருக்குதா?'"

கடிதத்தை மடியில் வைத்தேன். தொப்பியை ஒதுக்கி, நித்யாவின் பிடரியில் புறங்கையை வைத்தேன்.

ஈரமாகத்தான் இருந்தது, பாய்.